41 தடவை எண்ணிய கோப்புறை

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு சின்ன அலுவலகம். பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணிச் சேமிப்பது எங்கள் வேலை. வாசிகசாலைகளிலும் வீட்டு அலுமாரிகளிலும் தப்பிக் கிடந்த பக்கங்கள். 1981 இல் நூலகம் எரிந்த ஊர் இது. ஒரு பக்கம் கணக்கில் பிசகினாலும் மனம் கேளாது.

டிஸ்க்கில் இதழ், ஆண்டு, மாதம் என்று கோப்புறைக்குள் கோப்புறை. பக்கங்களை எண்ணப் பைதன் என்ற நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு சின்ன நிரல், எழுதினேன். படம் என்றால் எண்ணு. கோப்புறை என்றால் அதற்குள்ளும் இதே ஃபங்ஷனைக் கூப்பிடு. ஒழுங்கைகளில் வீடு தேடுகிற மாதிரித்தான்: கிளை ஒழுங்கைக்குள் போய், முட்டினால் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த கிளை. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஓடி முடிந்தது.

அட்டவணையைப் பார்த்த மூத்த அண்ணை, “தம்பி, 1958 இல 12,300 பக்கமோ? அந்த வருசக் கட்டு என்ர கையால பிரிச்சது. முந்நூறுதான் வரும்” என்றார். கையால் எண்ணினோம். சரியாக 300. அதை 41 ஆல் பெருக்கினால் 12,300.

அந்த 41 எங்கிருந்து வந்தது என்று தேடவே ஒரு பின்னேரம் போனது. 1958 கோப்புறைக்குள் யாரோ வசதிக்காக ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி, போட்டிருந்தார்கள்; அது அதே 1958 ஐயே காட்டியது. என் ஃபங்ஷன் அதற்குள் நுழைந்தது, திரும்பத் திரும்ப நுழைந்தது. ஒரு பாதையில் 40 சிம்லிங்க்குக்கு மேல் எங்கள் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் தொடராது. அதற்குப் பிறகு ‘இது கோப்புறையா’ என்று பைதனிடம் கேட்டால் ‘இல்லை’ என்று மட்டும் பதில் வரும். முதல் தடவையோடு சேர்த்து 41. ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனின் ஆழம் 1000 ஐ எட்டினால் பைதனே பிழை காட்டி நிறுத்தும் என்று நம்பியிருந்தேன். அந்த ஆழத்துக்கு அது போகவே இல்லை.

அப்புறம், கோப்புறைகளுக்குள் நடந்து வரப் பைதனிலேயே இருக்கும் ஓஎஸ்.வாக்குக்கு மாறினேன். நாம் கேட்டாலொழிய அது சிம்லிங்க்குக்குள் இறங்காது. ஆனால் திறக்க அனுமதியில்லாத கோப்புறையைச் சொல்லாமலே தாண்டிவிடும். ஆன்எரர் என்ற இடத்தில் நாமே ஒரு ஃபங்ஷன் கொடுத்தால்தான் தெரியவரும். எனக்கு இது முதல் பிழையைவிடப் பயமாக இருந்தது. கூடிய கணக்கு அண்ணையின் கண்ணில் பட்டது. குறைந்த கணக்கு யார் கண்ணில் படும்?

பெயரை அச்சிடும் ஒரு ஃபங்ஷனை அங்கே கொடுத்தேன். அடுத்து வந்த டிஸ்க்கில் மூன்று கோப்புறைப் பெயர்கள் அப்படி அச்சாகின. அனுமதியைத் திருத்தித் திறந்தோம். அண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்து, கறையான் அரித்த ஓரத்தோடு இருந்த முதல் பக்கத்தின் திகதியை மெல்ல வாசித்தார்.