ஆளில்லாத வீடுகள்

கொரிய இயக்குநர் கிம் கி-டுக்கின் ‘த்ரீ அயர்ன்’ (2004) படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்ததிலிருந்து அது மனத்தை விட்டு அகலவில்லை. கதவில் தான் வைத்துப்போன விளம்பரத் தாள் எடுக்கப்படாமலே இருந்தால் ஆளில்லை என்று கணித்து உள்ளே நுழையும் அந்த இளைஞன், பொருள் எதையும் திருடுவதில்லை. அழுக்குத் துணிகளைக் கையால் துவைக்கிறான், பழுதான எடைக் கருவியைச் சரிசெய்கிறான், பிறகு சுவரில் தொங்கும் படத்தருகே நின்று தன்னையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரர் எந்நேரமும் திரும்பிவிடலாம் என்ற பதற்றத்தைவிட, யாரோ ஒருவருடைய குடும்பத்தில் தனக்கும் ஓரிடம் தேடி அவன் நிற்கும் அந்த நிலைதான் என்னைக் கலங்கவைத்தது. ஒரு வீட்டில் தனியே இறந்துகிடக்கும் முதியவரை, அவனும், கணவனின் அடியைத் தாங்காமல் அவனோடு வந்துவிட்ட பெண்ணும் துணியில் சுற்றி முறையாக அடக்கம் செய்கிறார்கள். பெற்ற மகன் அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறான்.