மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஊர்: வயோமிங்கில் வில்லும் மானும்

வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் வெளிமானை எட்ட நின்று பார்த்து வளர்ந்தவருக்கு, அமெரிக்க மாநிலமான வயோமிங்கில் முதல் அதிர்ச்சி கடைக் கவுன்டரில் காத்திருக்கும். நம் ஊரில் அதன்மேல் கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம், ஜாமீன், கோர்ட்டு. இங்கே தூண்டில் புழு விற்கிற அதே ஆள் மான் வேட்டை உரிமத்தையும் அச்சடித்து நீட்டி, வாழ்த்தும் சொல்லி அனுப்புகிறார்.

இங்குள்ள மான் ப்ரான்ஹார்ன். உள்ளூர்க்காரர்கள் ஆன்ட்டிலோப் என்பார்கள். உயிரியல்படி அந்தக் கூட்டமே இல்லை, ஒட்டகச்சிவிங்கிதான் கிட்டத்துச் சொந்தம். மணிக்கு 88 கிலோமீட்டர் வரை ஓடும். அப்படி ஓடுகிற பிராணி வேலியைத் தாண்டாமல், பெரும்பாலும் கீழ்க்கம்பிக்கு அடியில் குனிந்து நுழையும். விவரம் தெரிந்தவர்கள் கீழ்க்கம்பி முள்ளில் மயிர் சிக்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

விசாக்காரர்களுக்கு ஒரு சங்கதி. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், வக்கீலைக் கேட்காமல் தொட மனம் வராது. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. வில்லை எடுக்க வீரத்தைவிட இது நல்ல காரணம். 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உரிமம் பெரும்பாலும் குலுக்கலில்தான். வில் பருவத்துக்குத் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். பல பகுதிகளில் ஆகஸ்ட் 15 தொடக்கம். வில்லின் இழுவிசை குறைந்தது 40 பவுண்டு.

இங்கே நிறைய நிலம் பி.எல்.எம். என்கிற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் நிலம், யாரும் நுழையலாம். ஆனால் தெற்கே ரயில் பாதையை ஒட்டி சதுரங்கப் பலகை மாதிரி 640 ஏக்கர் அரசுக்கு, அடுத்த 640 தனியாருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக எழுதிக் கொடுத்ததன் மிச்சம் அது. தனியார் மண்ணில் கால் படாமல் மூலைக்கு மூலை தாண்டலாம் என்று 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை காட்டும் வரைபடத்தைக் கிளம்புமுன்பே போனில் இறக்கிவையுங்கள். அங்கே சிக்னல் கிடைக்காது.

மறைய மரமில்லாத வெட்டவெளியில் வில்லுக்கு எட்டும் தூரத்துக்கு மானை வரவழைப்பது தண்ணீர். காற்றாலை இறைத்துக் கொட்டும் மாட்டுத் தொட்டியைத் தேடுங்கள். சேற்றில் தடத்தைப் பாருங்கள்: ப்ரான்ஹார்னுக்குப் பின்குளம்பு கிடையாது, மற்ற மானுக்கு உண்டு. தொட்டியிலிருந்து 20, 25 கஜத்தில் பிளைண்ட் என்கிற மறைப்புக் கூடாரத்தைச் சில நாள் முன்பே அடித்துவிட வேண்டும். மான் பார்த்துப் பழகட்டும். கூடாரத்தோடு வரும் ஆணி இந்தக் காற்றுக்கு நிற்காது. கம்பியை ஆழ அடித்துக் கட்டினாலும், மேய வந்த மாடு முதுகு சொறிந்தே சாய்த்துவிடுவதும் உண்டு.

உள்ளே கறுப்புச் சட்டை. பின் ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும்; திறந்திருந்தால் முதுகுக்குப் பின் வெளிச்சம் விழுந்து, உங்கள் அசைவு நிழலாகத் தெரிந்துவிடும். அதன் கண் அப்படி. வீட்டுப் பின்புறத்தில் நின்றபடி அம்பு விட்டுப் பழகியவர் இங்கே தடுமாறுவார். கொண்டுபோகும் அதே முக்காலியில் உட்கார்ந்து பழகுங்கள், வில்லின் கீழ்க்கை தரையிலோ முழங்காலிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி நடக்கிற கூத்து இன்னொன்று: வில்லில் குறி பார்க்கும் முள் அம்புக்கு மேலே இருப்பதால் கண்ணுக்கு மான் தெளிவாகத் தெரியும், அம்போ ஜன்னலின் கீழ் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போகும்.

எப்போது வரும்? விடியலில், நடுப்பகலில், எப்போது வேண்டுமானாலும். ஆகவே கட்டுச்சோறு. அந்தப் புழுக்கத்தில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், புளியோதரை தாங்கும்.

எல்லாவற்றையும் கெடுப்பது மழை. ஒரு மழை பெய்தால் பள்ளமெல்லாம் தண்ணீர். தொட்டிப் பக்கம் எதுவும் திரும்பாது. பழைய ஆட்கள் ஆகஸ்டில் மேகத்தைத் திட்டுவதைக் கேட்டு, இரண்டாம் வருஷத்தில் நம்மவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். ஊர் பழகிவிட்டது என்று அதை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் தூரத்தில் இடி உருண்டு காய்ந்த மண் நனைகிற வாசனை கூடாரத்துக்குள் வந்ததும், வானிலைச் செயலியை மூடிவிட்டுக் கோவில்பட்டிக் கரிசலுக்குப் போய்விடுகிறது புத்தி: முதல் மழைக்கு விதைக் கம்பு எடுத்துவைத்த பானை, வாசலில் நின்று வானத்தைப் பார்த்த ஆச்சி. மழையைத் திட்டினால் அவள் வாயில் அடிப்பாள்.

இருக்கட்டும். மான் வந்தால் முதல் வாய் வைத்ததும் திடுக்கென்று தலை தூக்கும். அப்போது நாண் இழுத்தவர் கெட்டார். அமைதியாகக் குடிக்கத் தொடங்கட்டும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால் விடவே கூடாது. விழுந்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் அரைமணி நேரம் அசையாதீர்கள்.

‘இந்தக் கறி நாறும்’ என்று அலுவலகத்தில் சொல்பவர்கள் பெரும்பாலும் வெயிலில் வண்டிப் பின்புறத்தில் போட்டு ஊர் சுற்றியவர்கள். உரிமத்தோடு வரும், வேட்டையைப் பதியும் கூப்பனை நிரப்பிய கையோடு குடலை எடுத்து, தோலை உரித்து, தொடை தொடையாகப் பிரித்துத் துணிப்பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் அடைப்பான் திறந்திருக்கட்டும். தண்ணீரில் ஊறினால் கறி வெளுத்துப் போகும். மயிர் தொட்டாலே உதிரும், கறியில் ஒட்டவிடாதீர்கள். எலும்பு நீக்கிப் பதினைந்து, இருபது கிலோ தேறும். விற்பது குற்றம், பங்கு கொடுக்கலாம், கொடுத்தால்தான் வேட்டைக்கறி.

கொழுப்பே இல்லாத கறி. முதுகுக்கறியைக் குக்கரில் போட்டால் நார். மிளகு தடவி, சூடான கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். முன்னங்கால் கறிக்குத்தான் விசில். உப்புக்கண்டத்தை இந்த வறண்ட காற்று தூத்துக்குடி வெயிலைவிட நன்றாகவே காயவைக்கும், ஆனால் மாக்பை பறவை கொடியோடு தூக்கிப் போய்விடும். கம்பி வலைக்குள் தொங்கவிடுங்கள்.