44 கிளிக் திருகியும் நிற்காத குறி

மெல்பனுக்கு வந்து ஒன்பது வருடம் கழித்துப் போன வருடம்தான் விக்டோரியாவின் 'ஏ' வகை துப்பாக்கி உரிமம் எடுத்தேன். 1996-க்குப் பிறகு இங்கே சாதாரண உரிமத்தில் அரைத் தானியங்கி .22 (0.22 அங்குலச் சிறு தோட்டா) ரைஃபிள் வாங்க முடியாது. அதனால் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைஃபிள்தான். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "துப்பாக்கியா? உனக்கு எதுக்குய்யா அது?" என்றார். காகிதத்தில் ஓட்டை போட என்றேன். அந்த ஓட்டையை விழவேண்டிய இடத்தில் விழவைக்க மூன்று சனிக்கிழமை போயிற்று.

ரைஃபிளின் மேல்பகுதியில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவதற்கு 11 மி.மீ. டவ்டெயில் இருக்கிறது. மேலே அகலம், கீழே குறுகல் என்று இரண்டு பக்கமும் சரிவாக வெட்டிய ஒரு தண்டவாளம் மாதிரி. அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு ஜோடி ரிங், அதன்மேல் 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.). .22-க்கு உதைப்பே கிடையாது, இதில் என்ன பெரிய வித்தை என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். ரிங் பெட்டியில் இருந்த தாளைப் படிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை, 50 மீட்டர். முதல் ஐந்து தோட்டாவும் மையத்திலிருந்து 16 செ.மீ. கீழே. என் ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் என்பது கால் மினிட் (ஒரு மினிட் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 50 மீட்டரில் அது ஏறக்குறைய 3.6 மி.மீ. கணக்குப் போட்டு 44 கிளிக் மேலே திருகினேன். நடுவில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரருக்குக் கூடக் காட்டினேன்.

அடுத்த வாரம் அதே ரைஃபிள், அதே 50 மீட்டர். 3 செ.மீ. இடது, 2 செ.மீ. கீழே. திருகினேன். இருபது தோட்டா கழித்து வலதுபக்கம் நகர்ந்தது. மறுபடி திருகினேன். அன்றைக்கு என் நோட்டில் இருப்பது ஒரு குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருக்கும்.

முதலில் தோட்டாவைச் சந்தேகப்பட்டேன். முதல் வாரம் சுட்டது நொடிக்கு 1,070 அடி வேகத்தில் போகும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) தோட்டா. இரண்டாவது வாரம் கடையில் அது இல்லாமல் அதிவேக ரகம் வாங்கிவந்திருந்தேன். ரகம் மாறினால் குறி மாறும், குழலும் தோட்டாவில் பூசியிருக்கும் புது மெழுகுக்குப் பழகச் சில தோட்டா பிடிக்கும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் பழைய ரகத்தில் மிச்சமிருந்த பதினைந்தைச் சுட்டபோதும் குறி அலைந்தது.

அப்புறம் ஸ்கோப் சாய்ந்திருக்கிறதோ என்று தோன்றியது. கராஜில் கதவை மூடி, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரைஃபிளை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, எதிர்ச்சுவரில் கொத்தனார் போல ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு நூலோடு ஒட்டவில்லை, மூன்று பாகை சாய்வு. ரிங்கின் மேல்மூடியில் ஒரு பக்க ஸ்குரூவை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனதால் ஸ்கோப் உருண்டிருக்கிறது. மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கிச் சரிசெய்தேன். வீட்டம்மா எட்டிப்பார்த்து, "சுவர் ஏதும் கட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால், அந்தச் சாய்வு 100 மீட்டரில் 1 செ.மீ. தள்ளும், அவ்வளவுதான். 50-இல் குறி வைத்த பிறகு 50-இல் ஒன்றுமே செய்யாது. வீண் வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் நோய்க்கு அது மருந்து இல்லை.

பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோலத் தெரிவது, பற்றி யோசித்தது கொஞ்சம் பயன்பட்டது. என் ஸ்கோப் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டது; .22-க்கென்று வருபவை பெரும்பாலும் 50 கஜத்துக்கு இருக்கும். ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினால் குறுக்குக்கோடு டார்கெட்டின்மேல் நீந்துகிறது. 40 மி.மீ. லென்ஸுக்கு 50 மீட்டரில் அதிகபட்சம் 9 மி.மீ. வரை பிழை வரும். .22 தோட்டாவின் ஓட்டையைவிட அது பெரிது. ஆனால் 3 செ.மீ.? அதை இது விளக்காது.

மூன்றாவது சனிக்கிழமை கிளப்பில் சுடுகளத்தை மேற்பார்க்கும் வயதான ஒரு ரேஞ்ச் அதிகாரி என் நோட்டைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "குழல் வழியாகப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. போல்ட்டைக் கழற்றி, பின்னாலிருந்து குழலின் ஊடே 50 மீட்டர் டார்கெட்டை நடுவில் கொண்டுவந்து, ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பில் பார்ப்பது. ஒரு தோட்டா செலவில்லாத சோதனை. இதற்குமுன் ஸ்கோப்பின் திருகை ஓரத்திலிருந்து ஓரம் எண்ணி (என்னுடையதில் 240 கிளிக்) நடுவில் 120-இல் வைக்கச் சொன்னார். வைத்துப் பார்த்தால், குழல் நடுவைக் காட்டும்போது ஸ்கோப் அதைவிட மேலே பார்க்கிறது. ஸ்கோப்பின் முன்பக்கத்தை எதுவோ தூக்கியிருக்கிறது. அதனால் ஸ்கோப்பை மையத்தில் வைத்தால் குழல் கீழே பார்க்கும்.

சட்டைப்பையிலிருந்து ஒரு காபிக்கடை பில்லை எடுத்து முன் ரிங்கின் அடியில் நுழைத்தார். நுழைந்தது. வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது.

ரிங்கைக் கழற்றித் திருப்பினால், அடியில் நெல்மணி அளவுக்கு ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது. உதைப்பில் ஸ்கோப் நழுவாமல் இருக்க, ரைஃபிளில் உள்ள துளையில் உட்காரவேண்டிய ஊசி அது. நான் மாட்டிய இடத்தில் துளை இல்லை. ஊசி வெறும் இரும்பின்மேல் நின்றுகொண்டு ரிங்கைக் கால் மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. இரண்டு ரிங்குக்கும் நடுவே 90 மி.மீ. தூரம். 0.3 மி.மீ. தூக்கினால் 50 மீட்டரில் 16 செ.மீ. கீழே! முதல் நாள் கணக்கு அப்படியே வருகிறது. கவ்வி முழுதாகப் பிடிக்காமல் ஒரு விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்ததால், காரில் ஏற்றி இறக்கும்போதும் சுடும்போதும் குறி நகர்ந்திருக்கிறது. தாளில் இரண்டாவது வரியே அந்த ஊசியைப் பற்றித்தான்.

ஆலன் கீயால் ஊசியை உள்ளே இறக்கினேன். டவ்டெயிலில் இருந்த எண்ணெயைத் துடைத்து, பில் நுழையாதபடி ரிங் உட்கார்ந்ததைப் பார்த்து, மேல்மூடி ஸ்குரூக்களைத் தாளில் சொன்ன 15 இஞ்ச்-பவுண்டுக்கு, அதாவது 1.7 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். கிளப்பில் அளவு காட்டும் திருப்புளி இருந்தது. கை நிதானத்தில் நான் போட்டிருந்தது அதைவிட ரொம்ப அதிகம். ஸ்கோப் உடம்பில் ரிங் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

முதல் தோட்டா 2 செ.மீ. கீழே, 3 செ.மீ. வலது. மேலே 6 கிளிக், இடது 8. அடுத்த ஐந்தும் 18 மி.மீ.க்குள். போன வாரம் காரில் போய்வந்து சுட்டபோதும் அதே இடம்.

பாரலாக்ஸுக்கு ஸ்கோப் மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கன்னம் எப்போதும் ஒரே இடத்தில் படும்படி ரைஃபிளின் மரக்கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். அடுத்தது 100 மீட்டர். அங்கே இந்தத் தோட்டா 19 செ.மீ. கீழே விழும் என்று கணக்கு, 26 கிளிக் ஏற்றவேண்டும். காற்றில்லாத காலைக்காகக் காத்திருக்கிறேன்.