காய்ந்த பிறகு தெரிந்த வெள்ளை

ஐந்து நாட்களுக்கு முன்பு "சரி, முடிஞ்சுது, கொண்டு போங்கோ" என்று நான் சொல்லி அனுப்பிய வான் திரும்பவும் கராஜ் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, இரண்டாவது வரிசை சீற்றுக்குக் கீழே கையை விட்டு, நனைந்த விரல்களை எனக்குக் காட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

யாழ்ப்பாணத்தில் 'டொல்பின்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டொயோட்டா ஹையேஸ் வரிசையில் 1989இல் ஜப்பானில் வந்த எச்100 வடிவம் அது. உருண்ட மூக்கு இருப்பதால் இலங்கையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம், கலியாணவீடு, மடு மாதா கோயில் யாத்திரை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போவது என்று எங்களுடைய பயணங்களில் பாதி இந்த வானில்தான் நடக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கம்வரை அது திறக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில், முப்பது வயதை நெருங்கிய வான்களை ஆட்கள் நகை மாதிரிப் பாதுகாத்தார்கள். என்னிடம் வந்தது 1994ஆம் ஆண்டு வான். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். காலையும் மத்தியானமும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்கும். சனி ஞாயிறு ஹயர் ஓடும். அவர்களுடைய வீட்டுக்கு வருமானம் அது ஒன்றுதான்.

முதல் நாள் அவர் சொன்ன குறை இரண்டு. ரேடியேற்றரில் தண்ணி குறைகிறது, இரண்டு நாளைக்கு ஒரு லீற்றர் போல. மற்றது, வானுக்குள் நிலம் ஈரமாக இருக்கிறது. வெளியே நிறுத்தி வைத்தால் கீழே ஒரு சொட்டும் விழுவதில்லை. என்னிடம் வருவதற்கு முன்பு வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். "ஹெட் கஸ்கெற் போயிட்டுது, ஹெட்டைக் கழற்றவேணும்" என்று அங்கே சொன்னார்களாம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், கஸ்கெற் அதற்குக் கீழே இருக்கும் மெல்லிய தகடு. அது போனால் ரேடியேற்றர் தண்ணி எஞ்சினுக்குள் போகும். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு அவருக்கு இரவில் நித்திரை இல்லை. பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. இந்த எல் குடும்ப எஞ்சின்கள் நல்ல உழைப்பாளிகள், ஆனால் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழும். தண்ணி குறைந்தது தெரியாமல் ஏ9 வீதியில் வவுனியா வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடினால் போதும்.

நான் முன் சீற்றைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தேன். ஒயில் குச்சியில் பால் நிறம் இல்லை. ஸ்டார்ட் செய்து ரேடியேற்றர் வாயைப் பார்த்தேன், குமிழி வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. ஹெட் சுகமாக இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. அதைச் சொன்னபோது அவருடைய முகம் மாறியதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அவசரப்பட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ரேடியேற்றர் மூடியின் உள்றப்பர் வெடித்திருந்தது. பின் ஏசியின் வடிகுழாயில் தூசி அடைத்திருந்தது. காற்றடித்ததும் ஒரு குவளை தண்ணி பாய்ந்து வந்தது. உள்ளே நின்ற ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மூக்கில் பிடித்தேன், ரேடியேற்றர் தண்ணியில் கலக்கும் நிறத் திரவமான கூலன்றின் இனிப்பு வாசம் இல்லை. விரலுக்கிடையில் உருட்டினால் வழுக்கவும் இல்லை. பிறகென்ன? தண்ணி குறைவதற்குக் காரணம் மூடி, ஈரத்துக்குக் காரணம் ஏசி. புது மூடி போட்டேன், வடிகுழாயைத் துப்புரவாக்கினேன், அனுப்பிவிட்டேன்.

இப்போது அதே வான், அதே இடத்தில் ஈரம், முன்னையதைவிட அதிகம்.

இந்த முறை அவருடைய மனைவியும் வந்திருந்தார். வானில் பிள்ளைகளைப் பார்த்து ஏற்றி இறக்குவது அவர்தான், பின்னேரத்தில் வானைக் கழுவுவதும் அவர்தான். நான் திரும்பவும் ஏசிக் குழாயைப் பார்க்கப் போனேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணை, ஏசித் தண்ணி எண்டால் வெள்ளை பிடிக்குமோ? நான் அந்த றப்பர் விரிப்பை ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கழுவுறன். காஞ்சாப் பிறகு பாத்தால் கேத்திலுக்குள்ள பிடிக்கிற மாதிரி வெள்ளை பிடிச்சிருக்கு. உரஞ்சினாலும் போகுதில்லை."

கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணியில் அந்தச் சுண்ணாம்பு கரைந்து கிடக்கிறது. கொதிக்க வைத்தால் அது பிரிந்து படியும். கேத்தில் அடியில் வெள்ளைத் தோடு பிடிக்காத வீடு இங்கே குறைவு. ஏசித் தண்ணி அப்படி இல்லை. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கொயிலில் பட்டு வடிவது அது, கிட்டத்தட்ட பற்றரிக்கு ஊற்றும் தண்ணி மாதிரி. காய்ந்தால் தூசியின் தடம் இருக்கலாம், ஆனால் கல்லு மாதிரி வெள்ளை பிடிக்காது. நிலத்தில் வெள்ளை இருக்கிறது என்றால் அங்கே கிணற்றுத் தண்ணி விழுந்து காய்ந்திருக்கிறது. வானுக்குள் கிணற்றுத் தண்ணி எங்கிருந்து வரும்?

"ரேடியேற்றருக்கு என்ன ஊத்துறனீங்கள்?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"கிணத்துத் தண்ணிதான் அண்ணை. குறையக் குறைய ஊத்தினன். ஏழெட்டு மாசமாய்."

அதுதான் விஷயம். ஏழெட்டு மாதமாகக் கூலன்ற் ஒழுகிப் போக, அந்த இடத்தைக் கிணற்றுத் தண்ணி நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. நிறமும் வாசமும் வழுக்கலும் எப்போதோ போய்விட்டன. என்னுடைய வெள்ளைத் துணி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் பிழையான கேள்வி கேட்டேன். முதல் நாளே "என்ன ஊத்துறனீங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விரிப்பைச் சுருட்டி எடுத்தேன். தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. ஓரம் மஞ்சள், நடுவில் தடிப்பாகச் செதில் செதிலாக இருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பாதித் தேசிக்காய் வாங்கிவரச் சொல்லி வேலைபழகும் பெடியனை அனுப்பினேன். அதன்மேல் நாலு துளி பிழிந்தேன். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்து, காதைக் கிட்ட வைத்தால் கேட்கும்படி இரைந்தது. பெடியன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சுண்ணாம்பில் புளி பட்டால் அப்படித்தான் நுரைக்கும். இனிச் சந்தேகம் இல்லை.

திட்டு தொடங்கும் இடத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் சீற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. பின் ஹீற்றர். பனி கொட்டும் ஊரில் பின்னால் இருப்பவர்களின் காலுக்குச் சூடு கொடுப்பதற்காக ஜப்பான்காரர் வைத்தது. எஞ்சினிலிருந்து சுடுதண்ணி, நிலத்துக்குக் கீழால் போகும் இரண்டு குழாய் வழியாக இதற்குள் வந்து திரும்பிப் போகும். அதன் சுவிச்சில் இருப்பது ஜப்பான் எழுத்து. இந்த வான் இலங்கைக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் அமத்தியிருக்க மாட்டார்கள். சுவிச் போடாவிட்டால் காற்றாடி சுற்றாது, அவ்வளவுதான். தண்ணியும் அமுக்கமும் எப்போதும் உள்ளேதான் இருக்கும்.

சீற்றைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். ரேடியேற்றர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் 0.9 அமுக்கம் வரைக்கும் ஏற்றினேன். எஞ்சின் ஆறியிருந்தபோது முள் அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் இல்லை. பம்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, கவனமாக மூடியைத் திறந்து திரும்பவும் ஏற்றினேன். இந்த முறை முள் மெதுவாக இறங்கியது. ரோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீற்றருக்குள் சின்ன ரேடியேற்றர் மாதிரி இருக்கும் கோரின் பக்கத் தொட்டியும் தகடுகளும் சேரும் ஈயப் பொருத்தில் ஒரு துளி திரண்டது. பருத்தது. கழன்று விழுந்தது. அந்த இடத்திலேயே அடுத்தது திரண்டது.

சூட்டில் விரிந்தால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். ஆறினால் மூடிக்கொள்ளும். இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய மூடி வெடித்திருந்ததால் அமுக்கம் முழுதாக ஏறாமல் இருந்தது, அதனால் ஒழுக்கும் குறைவாக இருந்தது. நான் போட்ட புது மூடி அமுக்கத்தை ஒழுங்காகப் பிடித்தது. அதனால்தான் ஐந்து நாளில் முன்னையதைவிட அதிகமாக ஒழுகியிருக்கிறது.

அந்தச் சீற்றில் நாலு பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு நாள் அந்தப் பொருத்து முழுதாகப் பிரிந்திருந்தால், தொண்ணூறு பாகைத் தண்ணி அவர்களுடைய காலில்தான் பாய்ந்திருக்கும். கூலன்ற் சரியான அளவில் இருந்திருந்தாலும் அது இன்னொரு விதமான ஆபத்து. எதிலீன் கிளைக்கோல் வாயில் இனிக்கும், ஆனால் நஞ்சு. நனைந்த கையைப் பிள்ளை வாயில் வைக்காது என்று யார் சொல்வது? சில பேர் கூலன்றா தண்ணியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். என்னுடைய கராஜில் அதற்கு நான் விடுவதில்லை.

என்ன செய்வது என்று மூவரும் இருந்து கதைத்தோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கோர் தேடி எடுக்கலாம். ஆனால் அதுவும் அதே வயதுக் கோர், அதே ஈயம். யாழ்ப்பாணத்தில் பின் ஹீற்றர் யாருக்கு வேணும்? நுவரெலியா ஹயர் போவீர்களா என்று கேட்டேன். வருடத்தில் ஒன்றிரண்டு தரம் என்றார். அங்கே விடிய வெள்ளென முன்கண்ணாடியில் பனிப்புகார் பிடிக்கும், அதற்கு முன் ஹீற்றர் தேவை. ஆகவே முன்னையதை வைத்துக்கொண்டு பின்னையதை முழுதாகக் கழற்றுவது என்று முடிவெடுத்தோம்.

இந்த வேலையைப் பலர் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். குழாயை வெட்டி, வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப்பை இறுக்கிவிட்டால் ஒழுக்கு நிற்கும். எனக்கு அது பிடிக்காது. அந்தக் கட்டைக்குழாய்க்குள் தண்ணி ஓடாமல் நிற்கும், போல்ட் கறள் பிடிக்கும், றப்பர் வெடிக்கும். இரண்டு வருடத்தில் எங்கோ ஒரு காட்டுப் பாதையில் வைத்து அந்தப் போல்ட் கழன்று போகும். நான் குழாய் பிரிகிற இடத்தில் இருந்த மூன்று வாய்த் துண்டு இரண்டையும் எடுத்துவிட்டு, எஞ்சினிலிருந்து முன் ஹீற்றருக்குப் போவதற்கும் வருவதற்கும் இணைப்பே இல்லாமல் புது ஹீற்றர் ஹோஸ் போட்டேன். அளவு ஐந்து எட்டாம் அங்குலம், சூடு தாங்குகிற நல்ல ஹோஸ். கீழே போன இரும்புக் குழாய்களையும் கழற்றினேன். தூக்கும்போதே ஒன்று கறள் பிடித்த இடத்தில் முறிந்தது. கோர் பழுதாகாவிட்டாலும் அடுத்த மாரிக்கு அது போயிருக்கும்.

கழுவித் துப்புரவாக்கவே மிச்ச நாள் போனது. ரேடியேற்றரிலிருந்து வந்த முதல் தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி இருந்தது. சுண்ணாம்பு கரைக்கும் மருந்து போட்டு ஓடவிட்டு, மூன்று தரம் வடித்து, நாலாவது தரம்தான் தெளிந்தது. கடைசி அலசலையும் பற்றரிக் கடையில் வாங்கின சுத்தத் தண்ணியிலேயே செய்தேன். பிறகு அதே தண்ணியும் கூலன்றும் பாதிக்குப் பாதி. முன் ஹீற்றர் பிடியைச் சூட்டுப் பக்கம் திருப்பி, வானின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மெதுவாக ஊற்றினேன். எஞ்சின் ஓட ஓடக் காற்றுக் குமிழ் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அவசரப்பட்டு மூடினால் உள்ளே நிற்கிற காற்றே ஹெட்டைச் சூடாக்கிவிடும். முன் ஹீற்றரில் சுடுகாற்று வந்து, மேல் குழாயும் கீழ்க் குழாயும் சூடான பிறகுதான் மூடினேன்.

எனக்குத் தொழில் பழக்கின பெரியவர் தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட வைத்தவர். ஒரு றப்பர் வாஷருக்குக்கூட வழி இல்லாத காலம். வாகனம் கொண்டு வருபவரை அவர் முதலில் இருத்தி வைத்து நிறையக் கேட்பார். பிறகுதான் ஸ்பனரைத் தொடுவார். ஏன் இவ்வளவு கதைக்கிறார் என்று அப்போது எனக்குப் பொறுமை இருக்காது. இந்த வானுக்குப் பிறகு நானும் இருக்கிறதுக்கு வாங்கு ஒன்றை வாசலில் போட்டிருக்கிறேன். வாகனம் ஓட்டுபவரை மட்டும் இல்லை, அதைக் கழுவுபவரையும் கேட்கிறேன்.

முதல் நாள் வாங்கிய கூலியை இந்தக் கணக்கில் கழித்தேன். வேண்டாம் என்றார்கள், நான் விடவில்லை. கழற்றின கோரை வாளால் அறுத்துப் பார்த்தோம். குழல்களில் பாதிக்குமேல் வெள்ளையாக அடைத்திருந்தது. பெடியன் அதைத் தட்டில் எடுத்து வைத்திருக்கிறான்.

மூன்று கிழமை கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு வான் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கிவந்து, மகனுடைய கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை ஒன்றை நீட்டினார். வானை எடுத்துப் போன அன்றே விரிப்புக்குக் கீழே வைத்திருந்தாராம். மடிப்பில் மண் பிடித்திருந்தது. மற்றபடி கோடு, எழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. பேனை மை எங்கும் ஊறியிருக்கவில்லை.