டேக் ஆஃப் தெம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முகப்பு. செருப்புப் படத்துக்குக் கீழே பெயிண்டில் எழுதியிருக்கிறது: "பிளீஸ் டேக் ஆஃப் தெம்".

வருகிறவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனாலும் "டேக் தெம் ஆஃப்" என்பதுதான் சரி.

பெயர்ச்சொல் என்றால் இரண்டும் செல்லும். "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்", "டேக் யுவர் ஷூஸ் ஆஃப்".

இட், தெம், ஹிம் வந்தால் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்.

காரணம் அழகானது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் விழும். 'தெம்' சுட்டுவது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளை. அதற்கு அழுத்தம் எதற்கு? அதனால் உள்ளே ஒதுங்கி, 'ஆஃப்' என்பதற்குக் கடைசி இடத்தை விட்டுக்கொடுக்கிறது.

பெயர்த்தொடர் நீண்டால் கதை மாறும். "ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன் இன் த ரூம் பிஹைண்ட் த செகண்ட் கோர்ட்யார்ட்". இங்கே 'ஆஃப்' கடைசிக்குப் போனால், ஃபேனைப் போடச் சொல்கிறார்களா நிறுத்தச் சொல்கிறார்களா என்று கேட்பவர் முற்றம் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும்!

'டேக் ஆஃப்' போல இரண்டு சொல் சேர்ந்து வரும் வினைகள் எல்லாமே இப்படிப் பிரிந்துவிடாது. "லுக் ஆஃப்டர் த ஹவுஸ்", "லுக் ஆஃப்டர் இட்". இதில் நடுவில் எதுவும் நுழையாது.

பிள்ளைகளுக்கு வெறும் வினைப் பட்டியலை மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் 'இட்' சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்: பிக் இட் அப், ஃபில் இட் இன், லுக் ஃபார் இட், புட் அப் வித் இட்.