‘யு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’

மொரீசியஸில் பேச்சு கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழியில் நடக்கும்; அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் போக வேண்டும். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கிடங்குக் கணக்கு பார்த்தபோது, இருப்பில் 18 ரோல் துணி குறைந்தது. அங்கே வேலை பார்த்த பையனைக் கேட்டேன். “வந்த அன்று நான் எண்ணவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன்” என்றான். கேட்டதும் சொல்லிவிட்டான்.

அந்தக் குணத்தை அறிக்கையில் எழுத ஆசைப்பட்டேன். கள்ளமில்லாமல் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ‘இன்ஜென்யுவஸ்’ (ingenuous) என்பார்கள். நான் தட்டியதோ ‘இன்ஜீனியஸ்’ (ingenious). ‘யு’வும் ‘ஐ’யும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினி சிவப்புக் கோடும் போடவில்லை. ஆனால், துணி குறைந்ததற்கு அவன் ‘சாமர்த்தியமான விளக்கம்’ கொடுத்தான் என்றல்லவா ஆகிவிட்டது! கதை கட்டுகிறான் என்று நினைத்து மேலிடம் அவனை இரண்டு மணி நேரம் விசாரித்தது.

தவறைக் கண்டுபிடித்தது பக்கத்து மேசை அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். “தம்பி, நீ சொல்ல வந்தது பிரெஞ்சில் ஆன்ஜெனு என்போமே, அதுதானே? சூது தெரியாதவன். இங்கே கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறாய்.” நம் ஊரில் வெள்ளந்தி என்போமே, அதேதான். உடனே ஓடிப்போய்த் திருத்தினேன். பையனிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தை அவனுக்குத் திருப்பித் தர முடியாதே.

அப்புறம் அகராதியைப் புரட்டினேன். இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. பிறப்பைக் குறிக்கும் ஒரே வேர். ‘இன்ஜீனியஸ்’ பிறவி அறிவிலிருந்து வந்தது; இன்ஜினியரும் அந்த வழிதான். மற்றது, ரோமில் அடிமையாக அல்லாமல் சுதந்திரமாகப் பிறந்தவனைக் குறித்த சொல். அந்தப் பிறப்புக்குரிய பெருந்தன்மை, ஒளிவில்லாத பேச்சு என்று பொருள் நகர்ந்திருக்கிறது. 1835இல் அடிமைமுறை ஒழிந்த தீவில் உட்கார்ந்து இதைப் படித்தபோது மனம் கனத்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே ஒன்றுக்கு மற்றதை எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். சரியான சொல்லிலேயே ‘ஏமாளி’ என்ற வாடை லேசாக உண்டு. வெள்ளந்திக்கும் உண்டுதானே? வேலைக்காரன் ஒருவனின் கோப்பில் அது எப்படிப் படிக்கப்படும் என்று யார் கண்டார்கள்?

சரி, இப்போது குணப்பெயர் எதுவும் எழுதுவதில்லை. அவனுடைய அடுத்த மதிப்பீட்டில் இப்படித்தான் எழுதினேன்: “எண்ணாமல் கையெழுத்திட்டதை, கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு ரோலையும் எண்ணுகிறார்.”