பெண்டில்டன் கப்பலும் ஒரு சிவப்புக் கோடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங் ஆய்வு என் வேலை. நிஜமாக நடந்த ஒரு கப்பல் மீட்பைச் சொல்லும், 2016இல் வந்த 'தி ஃபைனஸ்ட் அவர்ஸ்' படத்தை எங்கள் பயிற்சிப் பையன்களோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் கண்ணெல்லாம் அலையில் ஏறி விழும் அந்தச் சின்னப் படகின் மேல். எனக்கோ உடைந்த கப்பலை விட்டு மனம் நகரவில்லை.

நடந்தது 1952 பிப்ரவரி 18. அமெரிக்காவின் கேப் காட் அருகே, பனிப்புயலில் பெண்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்தது. முன்பாதியில் இருந்த கேப்டனும் ஏழு பேரும் பிழைக்கவில்லை. பின்பாதியில் 33 பேர். சீஃப் இன்ஜினியர் ரேமண்ட் சைபர்ட்தான் அவர்களுக்குப் பொறுப்பு. கடலோரக் காவல் படையின் பெர்னி வெப்பரும் இன்னும் மூவரும் 36 அடி மரப்படகில் போய், 32 பேரைக் கரை சேர்த்தார்கள். போகும் வழியிலேயே அலை அடித்துப் படகின் கண்ணாடி நொறுங்கி, காம்பஸும் போய்விட்டது. படகு ரொம்பச் சாயும்போதெல்லாம் இன்ஜின் நின்றுவிடும். அந்த மூவரில் ஒருவரான ஆண்டி ஃபிட்ஜெரால்ட் இன்ஜின் இருக்கும் இடுக்குக்குள் தவழ்ந்து போய், உடம்பில் சூடு பட்டுக்கொண்டே மறுபடி கிளப்புவார். இன்ஜின் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் கண் கலங்கிவிடும்.

படம் முடிந்ததும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் எப்படி நடுவுல உடையும்?"

நல்ல கேள்வி. அலையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. பெண்டில்டன் டி2 என்ற வகை எண்ணெய்க் கப்பல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவசரமாக வெல்டிங் செய்து கட்டியது. அந்தக் காலத்து எஃகு குளிரில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தகடுகளை ரிவெட் (தலை தட்டிய ஆணி) அடித்துச் சேர்த்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் செய்ததில் தகடு தகடாகத் தாண்டி ஓடும். 1943இல் ஸ்கெனெக்டடி என்ற இன்னொரு டி2 கப்பல், அலையே இல்லாத துறையில் கட்டி நின்றபோது ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது.

மறுநாள் வேலையில் ஒரு தாங்கு தகட்டை அவனுக்குக் காட்டினேன். பெயின்ட் சுரண்டிய இரும்பு. வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம் அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தோம். அப்புறம், உள்ளே தங்கிய சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சு, டெவலப்பர். சில நிமிடத்தில் வெள்ளையைக் கீறிக்கொண்டு மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. பையன் விரலை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டான். விரிசலின் நுனியைத் தாண்டித் துளை போட்டு, முழுவதும் தோண்டியெடுத்து, சூடேற்றி, பிறகுதான் வெல்டிங் செய்ய வேண்டும். மேலோடு பூசி மூடினால் விரிசல் உள்ளேயே இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கடலிலும் இப்படி ஒன்று உண்டு. 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து டர்பன் வந்துகொண்டிருந்த ஓஷியானோஸ் பயணிக் கப்பல் மூழ்கியது. இன்ஜின் பகுதியில் புகுந்த தண்ணீர், பழுதுபார்ப்பின்போது தடுப்புச் சுவரில் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகப் பரவியது. பயணிகள் எல்லோரும் இறங்கும் முன்னாடியே கேப்டன் கிளம்பிவிட்டார். கப்பலின் பாட்டுக் கலைஞர்களும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் மற்றக் கப்பல்களும் சேர்ந்து 571 பேரையும் உயிரோடு மீட்டார்கள். மீட்டவர்களை எத்தனை முறை கொண்டாடினாலும் தகும். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய ஆளைத்தான் நான் யோசிப்பேன். என்ன அவசரத்தில், யார் நெருக்கி, அதை விட்டுவிட்டுப் போனார்?

அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். "அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கலாம், இப்போ கையெழுத்துப் போடுங்க" என்று கேட்ட கப்பல்காரர்கள் உண்டு. டிரை டாக் (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) வாடகை ஏறுகிறது, சரக்கு காத்திருக்கிறது என்பார்கள். அது அவர்கள் கஷ்டம், சரி. நான் விரிசலின் நீளம், கப்பலின் எந்த ஃபிரேம் (விலா போன்ற சட்டம்), எந்தத் தகடு என்பதோடு, கப்பல் அடுத்துப் போகும் கடல் குளிர்ந்ததா என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுவேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பார்கள். எடுப்பதில்லை. இப்போது அந்தப் பையனையும் அறிக்கை எழுதும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.